தமிழ்ச் சொற்பலகை விளையாட்டு: ஒரு கட்டையில் எதை எழுதுவது?

கிளைநூலகம் (கேள்வி)

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் விடுமுறை நாள்களில் கூடும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஆடுவதற்காக, ஸ்கிராபிளைப் போலச் சொற்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்கும் பலகை விளையாட்டு ஒன்றைத் தமிழில் உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். பலகையும் புள்ளிக் கணக்கும் எளிதில் அமைந்துவிட்டன. கட்டைகளின் மேல் எதை எழுதுவது என்பதில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு 98 கட்டைகளும், எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க 2 வெற்றுக் கட்டைகளும் போதுமானவையாக இருக்கின்றன. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். குறுக்கெழுத்துப் போட்டியில் உள்ளதைப் போலக் கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து என்று வைத்துப் பார்த்தோம். ஔகார வரிசையையும், ங, ஞ வரிசைகளில் வழக்கில் இல்லாதவற்றையும் நீக்கிய பிறகும் 200-ஐ ஒட்டிய வகைகள் எஞ்சுகின்றன. ‘ணெ’, ‘ளொ’, ‘றூ’ ஆகியவை ஒரே கையில் வந்து சேர்ந்துவிட்டால், ஆடுபவர் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதிலேயே தம் முறைகளைச் செலவிடுகிறார்.

அடுத்ததாக, ஒலிகளைப் பிரித்து, ‘மரம்’ என்பதற்கு ம், அ, ர், அ, ம் என ஐந்து கட்டைகளை வைத்தோம். வகைகள் முப்பத்தொன்றாகக் குறைந்தன. ஆனால் பலகையில் கிடப்பதை எவராலும் தடையின்றி வாசிக்க இயலவில்லை. துணைக்குறிகளைத் தனிக் கட்டைகளாக்குவதிலும் இடர் உண்டு. ‘கொ’ என்பதற்கு எழுத்தின் இரு பக்கமும் குறி வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மு’ ஆகியவற்றிலோ உகரம் எழுத்தோடு கலந்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது.

இரண்டாவது ஐயம், எந்தச் சொற்களை ஏற்பது என்பது. ‘படி’ என்று ஒருவர் வைத்தால், அடுத்தவர் அதைப் ‘படித்தவர்களுக்கு’ என்று நீட்டலாமா? மூன்றாவது, ஒரு சொல்லை மறுக்கும் முறை. நூலகத்தில் அகராதிகள் இருக்கின்றன என்றாலும், ஒவ்வொரு முறையும் அவற்றைப் புரட்டினால் ஆட்டம் நகராது. இத்தகைய விளையாட்டை வடிவமைத்தவர்கள், ஆடியவர்கள், இலக்கணம் அறிந்தவர்கள் எவராயினும் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

சுவடிப்பிரியர்

தாங்கள் சொன்ன மூன்று வழிகளும் கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைப்பதையே அடிப்படையாகக் கொண்டவை. கட்டையின் மேல் கட்டையை அடுக்கலாம் என்று கொண்டால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 1980களில் ஆங்கிலத்தில் வந்த அப்வேர்ட்ஸ் என்னும் விளையாட்டில், பலகையில் கிடக்கும் எழுத்தின் மேல் வேறோர் எழுத்தை வைத்துச் சொல்லையே மாற்றிவிடலாம். அங்கே அது ஒரு தந்திரம் மட்டுமே. தமிழிலோ உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவது எழுத்தின் இயல்பாகவே இருப்பதால், அடுக்குதல் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்த விதியாகத் தோன்றாது.

என் முன்மொழிவு இது. மெய்யெழுத்துகளைச் சதுரக் கட்டைகளாகவும், உயிரெழுத்துகளைச் சிறிய சில்லுகளாகவும் செய்யுங்கள். சதுரக் கட்டையின் மேல் வலது மூலையில் சில்லு அமரும் அளவுக்குச் சிறு குழி இருக்கட்டும். வெறும் கட்டத்தில் தனியாக வைத்த ‘ஆ’ சில்லு ஆகாரம். ‘ம’ கட்டையின் குழியில் அமர்ந்த ‘ஆ’ சில்லு மாகாரம். துணைக்குறிகளின் வடிவம் பற்றிய கவலை எழவே எழாது. ஔகாரத்தை விட்டுவிட்டால் உயிர் 11, மெய் 18 என 29 வகைகளில் எல்லாம் அடங்கிவிடும்.

சில்லு இல்லாத மெய்க் கட்டையை எப்படி வாசிப்பது என்பதே இதன் மையம். அதை ‘ம’ என்றும் வாசிக்கலாம், ‘ம்’ என்றும் வாசிக்கலாம் என்று விதி செய்யுங்கள். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; வாசிப்பவரே இடம் நோக்கிப் புள்ளியை உணர்ந்துகொண்டார். பிரெஞ்சு ஸ்கிராபிளிலும் எழுத்துகளின் மேல் வரும் குறிகளைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரே கட்டை ஒரு திசையில் குறியுள்ள எழுத்தாகவும் மறு திசையில் குறியற்ற எழுத்தாகவும் நிற்கிறது. (சுவடியைப் பின்பற்றுவதாகச் சொல்லி எகர ஏகார வேறுபாட்டையும், ஒகர ஓகார வேறுபாட்டையும் விட்டுவிட வேண்டாம். வீரமாமுனிவர் செய்து தந்த திருத்தத்தை நாம் ஏன் இழக்க வேண்டும்?)

இந்த இரட்டை வாசிப்பு வெறும் வசதிக்காக அன்று. முழு எழுத்துக் கட்டைகளை வைத்து ஆடும்போது பலகை விரைவில் இறுகிவிடுவதைத் தாங்களும் கவனித்திருப்பீர்கள். ‘பட்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால் ட், ம் ஆகிய இரண்டு கட்டங்களிலிருந்தும் கீழ்நோக்கிப் புதுச் சொல் தொடங்க முடியாது. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை என்பதால் மூன்றாவது கட்டமும் அடைபட்டுவிடும். நான்கில் ‘ப’ ஒன்றுதான் திறந்த வாசல். ஆங்கிலச் சொல்லில் ஏறத்தாழ எந்த எழுத்திலிருந்தும் இன்னொரு சொல்லைத் தொடங்கலாம் என்பதால் அந்த விதிகளை இயற்றியவர்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. புள்ளியை எழுதாமல் விட்டால், ‘பட்டம்’ என்பதன் இறுதியிலிருந்து ‘மணி’ கீழே இறங்கும்.

அடுக்குதலால் கிடைக்கும் இன்னொரு பயன், ஒரே சில்லால் சொல் மாறுவது. ‘பால்’ என்பதன் லகரத்தில் ஐகாரச் சில்லை வைத்தால் ‘பாலை’. ‘கல்’ ‘கலை’ ஆகும். ‘வில்’ ‘விலை’ ஆகும். மறுதலையாக, தனித்து நிற்கும் உயிர்ச் சில்லின் கீழ் மெய்க் கட்டையை நுழைக்கவும் இடம் கொடுங்கள். ‘ஆடு’ இருக்கும் இடத்தில் ஒருவர் நகரத்தை நுழைத்து ‘நாடு’ ஆக்குவார், ‘அணி’ ‘மணி’யாகும், ‘இலை’ ‘சிலை’யாகும். ஆனால் வைத்ததை எடுத்துவிட்டு வேறு வைப்பதற்கு இடம் தரக் கூடாது. ஒரு கட்டத்தில் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டம் முடிந்தது. இந்த வரம்பு இல்லாவிட்டால் ‘நாடு’, ‘காடு’, ‘மாடு’ என்று ஒரே இடத்தில் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டே இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

நூலகத்தாரின் இரண்டாவது, மூன்றாவது ஐயங்களுக்கு மட்டும் விடை கூறுகிறேன்.

ஒரு வினையடியோடு காலமும் திணையும் பாலும் இடமும் சேர்ந்து வரும் முற்றுகள், எச்சங்கள், தொழிற்பெயர், வினையாலணையும் பெயர், அப்பெயரின் வேற்றுமை வடிவங்கள் என்று எண்ணத் தொடங்கினால், எந்த அகராதியும் அவை அனைத்தையும் தொகுத்துத் தராது. ஆகவே அகராதியில் தலைச்சொல்லாக, அதாவது பதிவின் முதலில் நின்று பொருள் தரப்படும் சொல்லாக, இருப்பதே சொல் என்று வரையறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படி வரையறுக்கும்போது எந்த அகராதி என்பதையும் விதித்தாளிலேயே எழுதிவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சங்கச் செய்யுளில் ஒருமுறை வந்த சொல்லும் அதில் இடம்பெற்றிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டால் எதையாவது வைத்துவிட்டுப் ‘பழந்தமிழ்ச் சொல்’ என்று வாதிடும் பழக்கம் வளரும். 1992-இல் முதற்பதிப்பு கண்டு பின்னர் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்கை அடிப்படையாகக் கொண்டது என்பதால், நூலக ஆட்டத்துக்கு அதையே பரிந்துரைப்பேன்.

தலைச்சொல் என்று சொன்னாலும் ஓரிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். லெக்சிகன் வினைகளைத் ‘தல்’, ‘த்தல்’ ஈற்றோடு காட்டும். அந்த ஈற்றை ஏற்றுக்கொண்டால், பலகையிலுள்ள எந்த வினையின் பின்னும் இரண்டு கட்டைகளை வைத்து, முழுச் சொல்லின் புள்ளிகளையும் ஒருவர் அள்ளிக்கொள்வார். ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ், பன்மையாக்குவது மிக எளிதாகிவிடக் கூடாது என்பதற்காகவே ‘எஸ்’ எழுத்துக்கு நான்கு கட்டைகள் மட்டும் வைத்தார். நம்முடைய ‘எஸ்’ இந்தத் ‘தல்’தான். எனவே ஏவல் ஒருமையாக வழங்கும் வினையடி செல்லும், தொழிற்பெயர் செல்லாது என்று எழுதுங்கள். ‘பாடல்’, ‘ஆடல்’ போன்றவை பெயராகவே அகராதியில் இருப்பதால் அவற்றுக்குத் தடை இல்லை.

பன்மைக்கும் இடம் தர வேண்டாம். ‘ஆடு’ என்பதை ‘ஆடுகள்’ என்று நீட்ட முடியும். ‘மரம்’ என்பதை அப்படி நீட்ட முடியாது, மகரம் கெட்டு ஙகரம் வர வேண்டும். ஒரு சொல்லுக்கு வாய்ப்பது இன்னொன்றுக்கு வாய்க்காது என்றால், ஆடுபவர்கள் சொல்லின் ஈற்றைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். வேற்றுமை உருபுக்கும் இதே காரணம் பொருந்தும். ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்பதால் புணர்ச்சியில் மிகும் ஒற்றுக்கு இங்கு வேலை இல்லை.

மறுப்பு முறைக்கு வருகிறேன். வட அமெரிக்கப் போட்டிகளில் சரியான சொல்லை மறுத்தவர் தம் முறையை இழப்பார். வேறு பல இடங்களில் சில புள்ளிகளை மட்டும் இழப்பார். இரண்டும் சமவயதினருக்கு ஏற்றவை. தாத்தா வைத்த சொல்லைப் பேரன் மறுப்பதற்குத் தயங்குவான். பேரனின் சொல்லைத் தாத்தா தயங்காமல் மறுப்பார். ஆகையால் மறுப்பதற்கு மாறாகப் பொருள் கேட்பதை வழக்கமாக்குங்கள். சொல்லை வைத்தவரிடம் அடுத்து ஆட வேண்டியவர் ஒவ்வொரு முறையும் பொருளைக் கேட்க வேண்டும். பொருளைச் சொல்ல முடிந்தால் சொல் நிற்கும். சொல்ல முடியாதபோதும், சொன்ன பொருளில் ஐயம் எழும்போதும் மட்டும் அகராதியைத் திறக்கலாம். எல்லோரிடமும் கேட்பதால் எவருக்கும் மனத்தாங்கல் வராது. ஸ்கிராபிளில் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே சொற்பட்டியலை மனனம் செய்து 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அது வியப்புக்குரிய திறமைதான். ஆனால் நூலகத்தில் பிள்ளைகளுக்காக நடத்தும் ஆட்டத்தில் நாம் வளர்க்க விரும்புவது அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

குறுக்கெழுத்துக்காரர்

சுவடிப்பிரியரின் அடுக்கு முறை அழகாக இருக்கிறது. புள்ளி பற்றிய விதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, பள்ளியில் புள்ளியை விட்டால் மதிப்பெண் இழக்கிறது. இங்கே வந்து புள்ளியில்லாத ‘படடம’ என்ற வரிசையைப் பட்டம் என்று வாசிக்க வேண்டும் என்பது குழப்பத்தையே தரும். சுவடி படிப்பவருக்கு முன்பின் தொடர் துணை செய்தது. பலகையில் தனிச் சொல்தான் இருக்கிறது. ‘க’, ‘ல’ என்ற இரு கட்டைகள் கல்லா, ‘கல’ என்னும் வினையா? வைத்தவர் ஒன்றைச் சொல்வார், மூன்று முறை கடந்த பிறகு அதை எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

எனவே புள்ளியையும் ஒரு சில்லாகச் செய்யுங்கள். ஆனால் அதைப் பையில் போடாமல், வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்ளும்படி நடுவில் கிண்ணத்தில் வையுங்கள். புள்ளிக்கு மதிப்பெண் இல்லை. பிறகு வருபவர் ‘பால்’ என்பதைப் ‘பாலை’ ஆக்க விரும்பினால் புள்ளியை எடுத்துவிட்டு ஐகாரத்தை வைக்கட்டும். சொல்லின் இறுதி அடைபட்டுவிடும் என்ற குறை இருக்கத்தான் செய்யும். அதற்குப் பலகையைச் சிறிதாக்கிச் சொற்கள் நெருங்கி வரும்படி செய்வது ஒரு வழி. நம் அன்றாடச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து கட்டங்களில் அடங்கிவிடுகின்றன. 15×15 பலகை நமக்கு மிகப் பெரிது.

கிளைநூலகம்

மூவருக்கும் நன்றி. பலகையை 11×11 ஆகக் குறைப்பதாகவும், அம்மா அவர்கள் சொன்ன தலைச்சொல் விதியையும் பொருள் கேட்கும் விதியையும் அப்படியே எடுத்துக்கொள்வதாகவும் முடிவு செய்திருக்கிறோம். புள்ளி பற்றி எங்களுக்குள்ளும் இரு கருத்துகள் நிலவுவதால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிண்ணத்துப் புள்ளிகள், பெரியவர்களுக்குச் சுவடி முறை என இரு வகையாகவும் ஆடிப் பார்க்க எண்ணுகிறோம்.

அட்டையில் வெட்டிய கட்டைகளைக் கொண்டு ஆடியதில் புதிதாக ஒரு தடை தெரிகிறது. தமிழில் க்க, த்த, ப்ப, ட்ட என்று இரட்டித்து வரும் சொற்கள் மிகுதி. ‘கொக்கு’ வேண்டுமானால் இரண்டு ககரங்கள் கையில் இருக்க வேண்டும். அதைப் போலவே ஙகரம் கையில் வந்தால் ககரம் வரும்வரை அது பயனற்றுக் கிடக்கிறது. ஒவ்வொரு மெய்க்கும் எத்தனை கட்டைகள் வைப்பது என்பதையும் இதைச் சார்ந்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

இரட்டிப்புக்கும் ஙகரத்துக்கும் ஒரே மருந்து உண்டு. ‘ஒற்று’ என்று பெயரிட்ட தனிக் கட்டை ஒன்றைச் செய்யுங்கள். அது தனக்கு அடுத்து வரும் வல்லினத்தின் ஒற்றாகவோ, அதன் இனமான மெல்லினத்தின் ஒற்றாகவோ நிற்கும். ககரத்துக்கு முன் க் அல்லது ங், சகரத்துக்கு முன் ச் அல்லது ஞ், டகரத்துக்கு முன் ட் அல்லது ண், தகரத்துக்கு முன் த் அல்லது ந், பகரத்துக்கு முன் ப் அல்லது ம், றகரத்துக்கு முன் ற் அல்லது ன். இன எழுத்து என்று பள்ளியில் படித்தது இங்கே பயன்படுகிறது. ப, ஒற்று, து என்று வைத்தால் ‘பத்து’ என்றும் கொள்ளலாம், ‘பந்து’ என்றும் கொள்ளலாம். வைப்பவர் எதைச் சொன்னாலும் புள்ளிகள் ஒன்றே என்பதால், பிறகு எவரும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. சொல்லின் இறுதியில் ஒற்றுக் கட்டை வரக் கூடாது. ‘நட்பு’, ‘காட்சி’, ‘கற்பு’ போன்ற வேற்றுநிலைக் கூட்டங்களுக்கு வழக்கமான கட்டைகளையே பயன்படுத்த வேண்டும்.

இந்தக் கட்டை வந்துவிட்டால் ஙகரத்துக்குத் தனிக் கட்டையே தேவையில்லை. ‘தங்கம்’, ‘சங்கு’, ‘எங்கே’ எல்லாம் ஒற்றால் அமைந்துவிடும். ‘அங்ஙனம்’ போன்ற ஓரிரு சொற்களை இழப்போம், அவ்வளவே. குறுக்கெழுத்துக்காரரின் கவலையும் ஓரளவு குறையும், ஏனென்றால் சொல்லின் இடையில் வரும் ஒற்றுகளில் பெரும்பாலானவை இப்போது வெளிப்படையாகவே ஒற்றாகத் தெரியும். இருவகையாக வாசிக்க வேண்டியவை பெரும்பாலும் இறுதி எழுத்துகளாகவே இருக்கும்.

எண்ணிக்கை பற்றி. பட்ஸ் 1930களில் செய்தித்தாள்களில் எழுத்துகள் வரும் அளவை எண்ணியே கட்டைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் வகுத்தார். நாம் அதே வழியில் தமிழ் நாளிதழை எண்ணினால் கணக்கு திரிந்துவிடும். நாளிதழில் ‘உம்’, ‘இல்’, ‘கள்’ முதலிய ஈறுகளால் ம், ல், ள் ஆகியவை பெருகிக் கிடக்கும். நீங்களோ அந்த ஈறுகளைத் தடை செய்திருக்கிறீர்கள். எந்தச் சொற்கள் செல்லும் என்று விதித்தீர்களோ அந்தத் தலைச்சொற்களை மட்டுமே, அதிலும் ஆறு எழுத்துகளுக்கு உட்பட்டவற்றையே எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை கீழே உள்ளதைத் தொடக்க மதிப்பீடாக வைத்துக்கொள்ளலாம்.

மெய்க் கட்டைகள்: க 7, த, ப, ம ஆகியவை தலா 6, ர, வ, ல, ட தலா 5, ச, ன தலா 4, ந, ய, ள, ற தலா 3, ண, ழ தலா 2, ஞ 1. இவை 70. இவற்றோடு ஒற்று 8, வெற்றுக் கட்டை 2 சேர்த்தால் 80. உயிர்ச் சில்லுகள்: உ 10, இ, ஆ தலா 8, ஐ, அ தலா 5, எ, ஏ, ஒ, ஓ, ஈ, ஊ தலா 3, ஆக 54. அகரம் மெய்க் கட்டையிலேயே அடங்கிவிடுவதால், சொல்லின் முதலில் வருவதற்கு மட்டுமே அதன் சில்லு தேவைப்படும்.

இவற்றை ஒரே பையில் போடாதீர்கள். ஸ்கிராபிளின் 98 எழுத்துக் கட்டைகளில் 42 உயிர்கள். எல்லாம் ஒரே பையில் இருப்பதால் சில நேரங்களில் கை முழுவதும் உயிராகவே வந்துவிடும். உயிருக்கும் மெய்க்கும் தனித்தனிப் பைகள் வைத்து, ஆறு மெய்யும் நான்கு உயிரும் எப்போதும் கையில் இருக்கும்படி செய்தால் அந்த எரிச்சல் இல்லை.

மதிப்பெண்ணை அருமையை மட்டும் வைத்து முடிவு செய்வதும் போதாது. ட, ண, ள, ற, ன, ழ ஆகிய ஆறும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. டகரம் எவ்வளவு பரவலாக இருந்தாலும், அதை எங்கே வைக்கலாம் என்பதில் கட்டுப்பாடு மிகுதி. எனவே வருகையளவு கொடுக்கும் மதிப்போடு இந்த ஆறுக்கும் ஒரு புள்ளி கூட்டிக் கொடுங்கள். கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும் தனிக் கட்டை வேண்டாம். ‘ஜன்னல்’ வைக்க விரும்புபவர் வெற்றுக் கட்டையைச் செலவழிக்கட்டும்.

வடமராட்சி வாசகர்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். க்ரியா அகராதியைத் தேர்ந்தெடுத்தது நல்லது. அதில் இலங்கைத் தமிழ் வழக்குகளும் குறிக்கப்பட்டு இடம்பெற்றிருக்கின்றன. நாற்காலியைக் கதிரை என்று சொல்லும் எங்களுக்கு, அந்தச் சொல்லை எவரும் ‘கேள்விப்பட்டதில்லை’ என்று தள்ளிவிட முடியாது என்பது ஆறுதல். ஆனால் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வரி விதித்தாளில் இருக்க வேண்டும். பிறமொழிச் சொற்களை நாங்கள் ‘றேடியோ’, ‘றப்பர்’ என்று றகரத்தை முதலிட்டு எழுதுவது வழக்கம். கணக்குப்பிள்ளை ஐயா றகரத்துக்குக் கூட்டிக் கொடுத்த புள்ளி அப்போது எங்களுக்குச் சும்மா கிடைத்த ஆதாயமாகிவிடும். அகராதியில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதுவே செல்லும் என்று எழுதிவிடுங்கள்.

அடுக்கு விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘கல்’ என்பதில் ஐகாரத்தை மட்டும் வைத்துக் ‘கலை’ ஆக்கியவருக்கு முழுச் சொல்லின் புள்ளிகளையும் கொடுத்தால், கையிலுள்ள மெய்க் கட்டைகளைத் தொடாமலே ஒருவர் சில்லுகளை மட்டும் வைத்து முன்னேறிக்கொண்டிருப்பார். ஒரு முறையில் குறைந்தது ஒரு மெய்க் கட்டையாவது வைத்தால்தான் முழுச் சொல்லுக்கும் புள்ளி. சில்லு மட்டும் வைத்தால் அந்தச் சில்லின் புள்ளி மட்டுமே என்று வரையறுங்கள். உயிரின் கீழ் மெய்யை நுழைப்பவருக்கு முழுப் புள்ளி கொடுப்பதில் தடை இல்லை, ஏனென்றால் அதற்கு வாய்ப்பான இடங்கள் குறைவு. மாற்றிய எழுத்து மறு திசையிலும் ஒரு சொல்லில் இருந்தால், அந்தச் சொல்லும் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளைநூலகம்

ஒற்றுக் கட்டையை வைத்து ஆடியதில் பலகை உண்மையாகவே திறந்துகொண்டது. ‘குற்றம்’ என்று ஒருவர் வைத்ததை அடுத்தவர் ‘குன்றம்’ என்று வாசித்துக் காட்டியதும், எழுந்து போகவிருந்த இரண்டு பெரியவர்கள் மீண்டும் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பைகளும் தொடரும். சில்லு மட்டும் வைத்தால் அதன் மதிப்பெண் மட்டுமே என்ற திருத்தத்தை விதித்தாளில் சேர்த்துவிட்டோம். சுவடி முறையில் ஆடும் மேசையில், புள்ளியில்லாத எழுத்தை இரு திசைகளில் இருவகையாக வாசிக்கலாம். ஆனால் ஒரே திசையில், முதலில் வைத்தவர் கூறிய வாசிப்பே நிலைக்கும் என்று இப்போதைக்கு வரையறுத்திருக்கிறோம். குறுக்கெழுத்துக்காரர் எழுப்பிய ‘கல்’, ‘கல’ ஐயத்துக்கு இது முழு விடையாகாது என்றாலும், ஆட்டம் அதனால் தடைப்படவில்லை.

முடிவை எப்படி அறிவிப்பது என்பது ஒன்றே மிச்சம். இரு பைகளில் எது தீர்ந்தால் ஆட்டம் முடியும்? கையில் மிஞ்சியவற்றை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

மெய்ப் பை தீர்ந்து, எவரேனும் ஒருவர் கையிலுள்ள மெய்க் கட்டைகள் முழுவதையும் வைத்துவிட்டால் ஆட்டத்தை முடியுங்கள். மற்றவர்கள் கையில் எஞ்சிய மெய்க் கட்டைகளின் மதிப்பை அவரவர் கணக்கிலிருந்து கழித்து, முடித்தவருக்குக் கூட்டுங்கள். ஸ்கிராபிளிலும் இதுவே வழக்கம். உயிர்ச் சில்லுகளைக் கழிவில் சேர்க்க வேண்டாம், அவை எல்லோர் கையிலும் எஞ்சத்தான் செய்யும். உயிர்ப் பை முன்னதாகத் தீர்ந்தால், கையில் உள்ளவற்றோடு ஆட்டம் தொடரட்டும். எவராலும் வைக்க முடியாமல் எல்லோரும் அடுத்தடுத்து இரண்டு முறை விட்டுக்கொடுத்தாலும் ஆட்டம் முடிந்ததாகக் கொள்ளலாம்.

இன்னொன்று. அடுத்த முறை ஆடும்போது, இந்த விவாதத்தில் கலந்துகொள்ளாத நால்வரிடம் விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் எதையும் விளக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் உங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் விதித்தாளில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். குறித்து வைத்துக்கொண்டு, ஓர் ஆட்டத்துக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் ஆட்டம் திருந்தியது என்று தெரியாது.